கண்ணிழந்த கலைஞரும் காலங்கடந்த மரமும்

மரத்தைப் போற்றாத மக்கட் கூட்டம் உலகில் இல்லை. பண்டைத் தமிழ் வேந்தர் தத்தமக்குரிய காவன்மரத்தைத் தம் மானத்தோடு ஒப்பவைத்துப் பேணினர். பகைவர் ஊரைக் கைக்கொண்டபோது அம்மரத்தைத் தடிதலையே வெற்றியின் அடையாளமாகக் கொண்டனர். கோயில்தோறும் தலவிருட்சம் வைத்து வழிபடும் வழக்கம் இன்றும் நம்மிடையே நிலவுகின்றது. ஆயினும் தன் ஊரில் நிற்கும் மரத்தைப் போற்றுதல் எளிது. ஆயிரம் காதத்துக்கு அப்பால் நிற்கும் மரமொன்றை, அதனை என்றுங் கண்டிராதவரும் போற்றுமாறு செய்தல் அரிது. அவ்வரிய செயலைக் கண்ணாடித் தகட்டையும் ஞாயிற்றின் ஒளியையும் துணைக்கொண்டு செய்து முடித்தவர் அமெரிக்க நாட்டுக் கார்ல்டன் வொட்கின்ஸ். நிழற்படக் கலையின் வரலாற்றைக் கற்போர் அவர் பெயரைக் கூறாது மேற்செல்லார். அவருடைய வாழ்வோ, புகழின் உச்சியையும் துன்பத்தின் அடியையும் ஒருங்கே கண்ட வாழ்வு.

இளமை

வொட்கின்ஸ் 1829ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11ஆந் திகதி, நியூயோர்க் மாநிலத்து ஒனியொன்ரா என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் தச்சுத் தொழிலும் விடுதி நடத்துதலுமாக வாழ்ந்தவர். அவ்வூரிலே கொலிஸ் ஹன்ரிங்ரன் என்னும் வணிகருடன் வொட்கின்ஸ் நட்புப் பூண்டார். பிற்காலத்திலே அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த இருப்புப்பாதையை அமைத்த பெருஞ்செல்வர் நால்வருள் ஒருவராக விளங்கியவர் இந்த ஹன்ரிங்ரனே.

1848ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவிற் பொன் கண்டெடுக்கப்பட்டது. செய்தி பரவவே, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இளைஞர் மேற்றிசை நோக்கிப் படையெடுத்தனர். 1851ஆம் ஆண்டளவில் வொட்கின்ஸும் அங்கே சென்றார். பொன் அவர்க்குக் கிட்டவில்லை. சுரங்கத் தொழிலாளர்க்கு வேண்டிய பண்டங்களைக் கொண்டுசென்று கொடுக்கும் வேலையும், பின்னர்ச் சான் பிரான்சிஸ்கோ நகரத்திலே கடைச் சிற்றாள் வேலையும் பார்த்து வந்தார். அந்நகரத்திற்றான் நிழற்படத் தொழில் அவரை வந்தடைந்தது. படக்கூடமொன்றிற் பயிற்சி பெற்ற அவர், 1850களின் பிற்பகுதியிலே தனித்துத் தொழில் நடத்துமளவுக்குத் தேர்ச்சி எய்தினார். சுரங்க உரிமையாளர் தம் நிலங்களின் எல்லைகளையும் இயல்புகளையும் வழக்குமன்றத்துக்கும் முதலீடு செய்வோர்க்கும் காட்டுதற்குப் படங்கள் வேண்டி நின்றனர். அவற்றை எடுத்துக் கொடுத்தலே அவருடைய தொடக்ககாலத் தொழில். நிலத்தை உள்ளவாறே காட்டும் நேர்மை அவர் கமராவுக்கு இத்தொழிலால் வாய்த்தது எனலாம்.

நம்பப்படாத மரம்

கலிபோர்னியாவின் கிழக்கெல்லையை ஒட்டிச் சியரா நெவாடா என்னும் மலைத்தொடர் ஓங்கி நிற்கின்றது. அதன் மேற்குச் சாரலிலே, உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத செக்குவோயாப் பெருமரங்கள் தோப்புத் தோப்பாக நிற்கின்றன. செங்கபில நிறமும் ஈரடி வரை தடிப்பும் உடைய பட்டை அவற்றைக் காட்டுத்தீயிலிருந்து காக்கின்றது. உயரத்தால் இருநூற்றைம்பது அடியைக் கடப்பனவும், வயதால் ஈராயிரம் ஆண்டைக் கடப்பனவும் அவற்றுள் உண்டு.

இம்மரங்களின் செய்தி வெளிவந்தவுடன் மக்கள் செய்த முதற் செயல் அவற்றை வெட்டியதுதான். 1853ஆம் ஆண்டிலே கலவெராஸ் தோப்பின் பெருமரமொன்றை ஐந்து ஆட்கள் இருபத்திரண்டு நாள் துளையிட்டு வீழ்த்தினர். அதன் அடிக்கட்டை நடனமாடும் மேடையாயிற்று. அடுத்த ஆண்டில், அத்தோப்பிலே வனத்தாய் எனப் பெயர் பெற்ற மற்றொரு மரத்தின் பட்டையை நூறடிக்கு மேல் உரித்து, நியூயோர்க்குக்கும் இலண்டனுக்கும் கொண்டுசென்று காட்சிப் பொருளாக்கினர். தோலுரிக்கப்பட்ட மரம் நின்றவாறே பட்டுப்போயிற்று. இவ்வளவு செய்தும் பயன் யாது? கண்டவருட் பலர் பல மரங்களின் பட்டையை ஒட்டிச் செய்த ஏமாற்று வித்தையென்று நகைத்தனர். உலகத்தை நம்பச் செய்தற்பொருட்டு மரத்தைக் கொன்றனர், உலகமோ நம்பவில்லை. மரத்துக்கு ஊறு செய்யாது அதன் உண்மையைக் காட்டும் வழியொன்று வேண்டியிருந்தது.

மலை ஏறிய படப்பெட்டி

1861ஆம் ஆண்டின் கோடையிலே வொட்கின்ஸ் யொசமிற்றிப் பள்ளத்தாக்குக்கும், அதன் தெற்கேயுள்ள மரிப்போசாத் தோப்புக்கும் புறப்பட்டார். அவர்க்கு முன்னரும் அங்கே படமெடுத்தோர் உண்டு. ஆயின் அவர்தம் படங்கள் சிறியன. மலையும் மரமும் கையகலத் தாளில் ஒடுங்கிவிடுகையில் அவற்றின் பெருமையும் உடன் ஒடுங்கிவிடுகின்றது. அக்காலத்திலே படத்தைப் பெருப்பித்து அச்சிடும் வசதி செம்மையாக அமையவில்லை. கண்ணாடித் தகடு எவ்வளவோ படமும் அவ்வளவே. எனவே பெரிய படம் வேண்டுமாயின் பெரிய தகடு வேண்டும். பெரிய தகட்டுக்குப் பெரிய கமரா வேண்டும். பதினெட்டு அங்குலமும் இருபத்திரண்டு அங்குலமுமான தகடுகளை ஏற்கத்தக்க பெருங் கமராவொன்றை வொட்கின்ஸ் கொண்டு சென்றார். கமரா, கண்ணாடித் தகடுகள், மருந்துப் போத்தல்கள், இருட்கூடாரம், உணவு ஆகிய யாவும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு தொன் நிறை. பன்னிரண்டு கோவேறு கழுதைகள் அச்சுமையைத் தாங்கிக் குறுகிய மலைப்பாதையில் ஏறின.

அக்காலத்துப் படப்பிடிப்பு முறையை இன்றைய மாணவர் அறிந்துகொள்ளுதல் நன்று. பஞ்சை அமிலத்தாற் பதப்படுத்தி ஈதரிலும் மதுசாரத்திலும் கரைத்த கொலோடியன் என்னும் பசைநீரைக் கண்ணாடித் தகட்டின்மேல் ஒரே சீராக ஊற்றுதல் வேண்டும். பின்னர் இருட்கூடாரத்துள் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அதனைத் தோய்த்தல் வேண்டும். ஈரம் உலருமுன் கமராவினுட் செலுத்தி ஒளி காட்டி, அவ்வீரம் மாறாதிருக்கும்போதே மீண்டும் கூடாரத்துட் சென்று உருவை வெளிப்படுத்தல் வேண்டும். உலர்ந்ததாயின் யாவும் வீண். கோடை வெயிலிலே கூடாரத்துள் மூச்சுத் திணறும். தூசியொன்று விழினும் படம் கெடும். இவ்வாறு எடுத்த தகட்டைப் பொதியில் வைத்துக் கழுதைமேல் ஏற்றி, ஒரு கல்லும் இடறாமல் மலையிறக்கி நகரஞ் சேர்த்தல் வேண்டும். அப்பயணத்தில் வொட்கின்ஸ் முப்பது பெருந்தகடுகளையும், இரட்டைக்கண் கருவியாற் பார்க்கும் படங்கள் நூறளவையும் பழுதின்றிக் கொண்டுவந்து சேர்த்தார்.

மரத்தைப் படமாக்குதல்

மலையைப் படமெடுத்தலினும் மரத்தைப் படமெடுத்தல் கடினம். மலைக்கு முன்னே வெளியுண்டு. தோப்பின் நடுவே நிற்கும் மரத்துக்கு வெளியில்லை. அருகிற் சென்றால் முடி தெரியாது. விலகிச் சென்றால் அயல் மரங்கள் மறைக்கும். கமராவை மேனோக்கிச் சாய்த்தால், நேரே நிற்கும் மரம் மேலே குவிந்து பின்னோக்கி விழுவதுபோலத் தோன்றும். காட்டினுள் ஒளி குறைவு. ஆதலின் நெடுநேரம் ஒளி காட்ட வேண்டும். அதற்குள் ஒரு காற்று வீசினால் இலைகளெல்லாம் புகைபோல் மங்கிவிடும். போதாக்குறைக்கு, கொலோடியன் தகடு நீல ஒளியை விரைந்தேற்கும். பச்சையையும் செம்மையையும் மிக மெதுவாகவே ஏற்கும். செம்பட்டையும் பச்சிலையும் உடைய மரம் கருமையாகவும், அதன் பின்னேயுள்ள வானம் வெறும் வெண்மையாகவும் அமைந்துவிடல் எளிது.

இத்தடைகள் யாவற்றையும் வென்ற படமே மரிப்போசாத் தோப்பின் கிறிஸ்லிப் பெருமரத்தின் படம். கிறிஸ்லி என்பது அம்மலைநாட்டுப் பெருங்கரடியின் பெயர். இருநூற்றுப் பத்தடிக்கு அணித்தான உயரமும், தொண்ணூறடிக்கு மேற்பட்ட அடிச் சுற்றளவும் உடையது அம்மரம். அதன் வயது மூவாயிரம் ஆண்டுக்கு அணித்து என்பது அண்மைக்கால ஆய்வாளர் மதிப்பீடு. அதன் முடி முரிந்திருக்கின்றது. அடியிலே பழந்தீயின் வடுக்கள் உண்டு. ஒருபுறம் சற்றே சாய்ந்தும் நிற்கின்றது. வொட்கின்ஸ் அதன் குறைகளை மறைக்க முயலவில்லை. வேரடி முதல் முரிந்த முடி வரை முழுமரமும் அடங்குமாறு இடந்தேர்ந்து, ஒரு முதியவரின் உருவத்தை வரைவார்போல் அதனை எடுத்தார். அடியிலே சில மனிதரை நிறுத்தினார். முதலிற் பார்ப்போர்க்கு அவர்கள் புலப்படுவதில்லை. மரத்தை நோக்கி வேரடிக்கு இறங்கியபின்னரே எறும்புபோல் நிற்கும் அம்மனிதர் தென்படுவர். தென்பட்டவுடன் மரம் ஒருமுறை பேருருக் கொண்டு வளர்கின்றது. அளவுகோலை முன்னே நீட்டாது பார்ப்போரே கண்டுகொள்ளுமாறு வைத்தமை அவர் கலையின் நுட்பம்.

சில ஆண்டுகளின் பின்னர் அதே மரத்தை அவர் மீண்டும் எடுத்தார். இம்முறை முழுமரத்தையும் காட்ட முயலாது அடிப்பகுதியை மட்டும் எடுத்து, அத்தோப்பின் காவலராகிய கேலன் கிளார்க் என்பாரை அதனருகே நிறுத்தினார். படத்தின் எல்லையைக் கடந்து மேலே செல்லும் மரத்தின் உயரத்தைப் பார்ப்போர் தம் மனத்தாலே ஏறி முடிக்க வேண்டும். காட்டியும் உணர்த்தலாம், காட்டாது விடுத்தும் உணர்த்தலாம். செய்யுளில் எச்சமும் குறிப்பும் ஆற்றும் தொழிலைப் படத்தில் அவ்வெல்லை ஆற்றியது.

சட்டமாக மாறிய படம்

1862ஆம் ஆண்டின் இறுதியிலே வொட்கின்ஸின் படங்கள் நியூயோர்க் நகரத்துக் கூப்பில் கலைக்கூடத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டன. அப்போது அந்நாட்டின் வடக்கும் தெற்கும் தம்முட் கொடும்போர் புரிந்துகொண்டிருந்தன. போர்க்களத்துப் பிணங்களின் படங்களைக் கண்டு நொந்திருந்த மக்கள், மூவாயிரம் மைலுக்கு அப்பால் அமைதியாக நின்ற மரத்தையும் மலையையும் கண்டனர். எமர்சன் போன்ற பேரறிஞர் இல்லத்துக்கும் அப்படங்கள் சென்றன. எழுத்தாளரும் மருத்துவருமான ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1863ஆம் ஆண்டிலே அவற்றைப் பாராட்டி எழுதினார். பட்டையைக் கண்டு நகைத்த நாடு படத்தைக் கண்டு நம்பியது.

1864ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவின் செனட்டர் ஜோன் கொனஸ், யொசமிற்றிப் பள்ளத்தாக்கையும் மரிப்போசாப் பெருமரத் தோப்பையும் தனியார் கைக்குப் போகாமற் காக்கும் சட்டமொன்றைக் கொண்டுவந்தார். அவ்வாண்டு ஜூன் மாதம் 30ஆந் திகதி ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் அதிற் கையொப்பமிட்டார். அவ்விரு நிலங்களும் என்றும் விற்கப்படாது பொதுமக்கள் நுகர்ச்சிக்கே உரியன என்பது அச்சட்டத்தின் கருத்து. இயற்கை வனப்பின் பொருட்டு ஓர் அரசு நிலத்தை ஒதுக்கிப் பேணிய வரலாற்றில் இது முதன்மையான படி. எட்டாண்டு கழித்து உலகின் முதற் தேசியப் பூங்காவாகிய யெலோஸ்ரோன் தோன்றியது. சட்டத்துக்கு மக்கள் மனத்தைப் பக்குவஞ் செய்தவற்றுள் வொட்கின்ஸின் படங்களும் ஒன்று என்பது வரலாற்றாசிரியர் துணிபு. 1865ஆம் ஆண்டிலே அந்நிலத்தைப் பேணும் ஆணைக்குழுவின் தலைவராகிய ஒல்ம்ஸ்ரெட், பேணும் வழிபற்றி ஆலோசனை கேட்ட கலைஞருள் வொட்கின்ஸும் ஒருவர். அவர் பெயரால் வொட்கின்ஸ் மலை என வழங்கும் குன்றொன்று இன்றும் அங்கே உண்டு.

ஒன்றை இங்கே மறைத்தல் தகாது. அப்படங்களிலே நிலம் ஆளரவமற்ற புதுநிலம்போலத் தோன்றுகின்றது. உண்மையில் அது பழங்குடி மக்களின் தாயகம். வொட்கின்ஸ் அங்கே செல்வதற்குப் பத்தாண்டு முன்னரே, 1851ஆம் ஆண்டிற் படை புகுந்து அவர்களை வெளியேற்றியது. மரத்துக்குக் கிடைத்த காவல் அம்மக்களுக்குக் கிடைத்திலது. படத்தின் அழகில் ஈடுபடுவோர் அதில் இல்லாதவரையும் நினைத்தல் அறம்.

பெயர் இழந்த படங்கள்

1867ஆம் ஆண்டிலே பாரிஸ் மாநகரத்து உலகக் கண்காட்சியில் வொட்கின்ஸ் பதக்கம் பெற்றார். அவ்வாண்டே ஒரிகன் மாநிலத்துக்குச் சென்று கொலம்பியா ஆற்றின் கரைகளைப் படமெடுத்தார். 1870களின் தொடக்கத்திலே சான் பிரான்சிஸ்கோவின் மொன்ட்கொமறி வீதியில் யொசமிற்றிக் கலைக்கூடம் என்னும் பெயராற் பெருங்கூடமொன்றை நிறுவினார். கலையில் வல்ல அவர் கணக்கில் வல்லரல்லர். 1870களின் நடுவிலே நாட்டைப் பற்றிய பணமுடை அவரையும் பற்றியது. கடன்கொடுத்தவர் கைக்குக் கூடம் சென்றது. கூடத்தோடு, இருபதாண்டு உழைப்பாகிய கண்ணாடித் தகடுகளும் சென்றன. அவை டேபர் என்னும் வேறொரு படப்பிடிப்பாளர் வாயிலாக, அவர் பெயர் பொறிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. தாம் பெற்ற மக்கள் பிறர் பெயரால் வழங்கப்படுதலைக் கண்ணாரக் கண்ட தந்தையின் நிலை வொட்கின்ஸின் நிலை.

அவர்க்கு அப்போது வயது ஐம்பதை அணுகியது. வேறொருவராயின் தொழிலைத் துறந்திருப்பர். வொட்கின்ஸோ மீண்டும் கமராவைச் சுமந்து மலையேறினார். முன் எடுத்த இடங்கள் பலவற்றையும் புதிதாக எடுத்துப் புதுவரிசை எனப் பெயரிட்டார். பழைய நண்பர் ஹன்ரிங்ரனின் இருப்புப்பாதை அவர் பயணத்துக்குத் துணையாயிற்று. 1879ஆம் ஆண்டு, தம் ஐம்பதாவது பிறந்தநாளன்று, பிரான்ஸஸ் ஸ்னீட் என்னும் பெண்ணை மணந்தார். பெண்ணொன்றும் ஆணொன்றுமாக இரு மக்கள் பிறந்தனர். ஆண்மகவுக்கு நண்பரின் பெயராகிய கொலிஸ் என்பதையே இட்டார்.

இருளும் தீயும்

1890களிலே அவர் கண்ணொளி மங்கத் தொடங்கியது. மூட்டுவாதமும் தலைச்சுற்றும் உடலை வருத்தின. வாடகை கொடுக்க இயலாது, கைவிடப்பட்ட புகைவண்டிப் பெட்டியொன்றிலே குடும்பத்தோடு ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தார். ஹன்ரிங்ரன் பின்னர்ச் சிறு நிலமொன்றை அவர்க்கு உரிமையாக்கினார். ஆயின் அவருடைய தகடுகளும் படங்களும் சான் பிரான்சிஸ்கோ நகரத்துக் கூடத்திலேயே இருந்தன. அவற்றைக் காப்பகமொன்றிற் சேர்த்தற்குரிய முயற்சிகள் நடைபெறலாயின.

1906ஆம் ஆண்டு ஏப்பிரல் 18ஆந் திகதி விடியற்காலையில் அந்நகரத்தைப் பெருநிலநடுக்கம் உலுக்கியது. தொடர்ந்து எழுந்த தீ நாட்கணக்காக எரிந்தது. வொட்கின்ஸின் கூடம் எரிந்து சாம்பராயிற்று. அதே தீயிலே டேபரின் கூடமும் எரிந்தது. தம்மிடமிருந்த புதுவரிசைத் தகடுகளும், பிறர் கைப்பட்ட பழைய தகடுகளும் ஒரே நெருப்பில் அழிந்தன. உரிமை பற்றிய வழக்கைத் தீ தீர்த்துவைத்தது போலும்! கண் தெரியாத முதியவர் கைத்தடியூன்றிப் பிறர் கைபற்றித் தெருவிலே நடத்திச் செல்லப்படும் காட்சியைக் காட்டும் நிழற்படமொன்று உண்டு. வாழ்நாளெல்லாம் பிறர்க்குக் காட்சி நல்கியவர் தாம் காணமுடியாத படமொன்றிற் பொருளாகிவிட்டார்.

அவ்வதிர்ச்சியினின்றும் அவர் மனம் மீளவில்லை. 1910ஆம் ஆண்டிலே நாப்பா மனநோய் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டு, 1916ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23ஆந் திகதி அங்கேயே உயிர்நீத்தார். மருத்துவமனை நிலத்திலே பெயர் பொறிக்கப்படாத குழியொன்றில் அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. ஒரு மரத்தின் பெயரை உலகறியச் செய்தவர்க்குத் தம் பெயர் தாங்கிய கல்லொன்றும் அன்று கிடைத்திலது.

எஞ்சியது

தகடுகள் அழிந்தன, ஆயின் அவற்றிலிருந்து முன்னரே அச்சிட்டு விற்கப்பட்ட படங்கள் வீடுகளிலும் நூலகங்களிலும் சிதறிக் கிடந்தன. முட்டை வெண்கரு பூசிய தாளில், ஞாயிற்றின் ஒளியாலே பதித்தெடுத்தவை அவை. அறிஞர் அவற்றைத் தேடித் தொகுத்தனர். 1999ஆம் ஆண்டிலே சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை நூதனசாலை அவர் படங்களைப் பெருங்காட்சியாக வைத்தது. 2011ஆம் ஆண்டிலே கெற்றி நிறுவனம், அவர் எடுத்த பெருந்தகட்டுப் படங்களென அறியப்பட்ட ஏறத்தாழ 1,300 படங்களையும் ஒரே நூலில் வெளியிட்டது. டேபரின் பெயர் தாங்கியிருந்தவையும் உரியவர் பெயரோடு அதில் இடம்பெற்றன. பணங்கொடுத்து வாங்கியவரின் சுவரில் தொங்கிய தாள்களே கலைஞரின் புகழை மீட்டுத் தந்தன. விற்றது பிழைத்தது, காத்து வைத்தது அழிந்தது. நூலையும் கல்வியையும் தம்முள்ளே பூட்டி வைப்போர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு.

மரத்தின் கதை முடியவில்லை. அவர் கூடம் எரிந்த அதே 1906ஆம் ஆண்டிலேதான் பள்ளத்தாக்கும் தோப்பும் மாநில அரசிடமிருந்து மீளப் பெறப்பட்டு, 1890ஆம் ஆண்டில் அமைந்த யொசமிற்றித் தேசியப் பூங்காவோடு இணைந்தன. 2020ஆம், 2021ஆம் ஆண்டுகளிலே சியரா நெவாடாவில் மூண்ட காட்டுத்தீக்கள் ஆயிரக்கணக்கான செக்குவோயா மரங்களை மாய்த்தன. ஆயிரம் ஆண்டாகத் தீயோடு வாழப் பழகிய மரங்களும், வறட்சியும் மிகைவெப்பமும் சேர்ந்து வளர்த்த பெருந்தீயைத் தாங்கவில்லை. 2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே அத்தகைய தீயொன்று மரிப்போசாத் தோப்புக்குள்ளும் புகுந்தது. தீயணைப்போர் கிறிஸ்லிப் பெருமரத்தின் அடியிலே நீர் தெளிக்கும் குழாய்களை அமைத்து, இரவும் பகலும் காத்தனர். மரம் பிழைத்தது.

அவ்வீரருள் எத்துணைப் பேர் வொட்கின்ஸின் பெயரை அறிந்திருப்பர்? அறியாவிடினும் குறையொன்றில்லை. 1861ஆம் ஆண்டிலே அம்மரத்தடியில் எறும்புபோல் நின்ற மனிதரைப் போலவே அவர்களும் அதன் அடியிலே நின்றார்கள். முன்னவர் மரத்தின் அளவைக் காட்ட நின்றனர், பின்னவர் அதன் உயிரைக் காக்க நின்றனர். இவ்விரண்டு நிலைக்கும் இடையே பாலமாக அமைந்தது ஒரு கண்ணாடித் தகடு. அத்தகடு இன்று இல்லை. அதனைத் தாங்கிய கையும் இல்லை. மரம் நிற்கின்றது.